250 வாட் ஆம்ப், நான்கு பாக்ஸ், இரண்டு குழாய்: வாட்டுக்கு முன்னால் ஓம் கணக்கு

கேள்வி இதுதான். ஊட்டிக்கு அருகே ஓர் ஊரின் சமுதாயக் கூடத்துக்கு 250 வாட் பிஏ (பொதுக்கூட்ட ஒலிபெருக்கி) ஆம்ப்ளிபயர் வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 100 வோல்ட் என்று முனைகள். கூடத்துக்குள் 8 ஓம், 100 வாட் பாக்ஸ் நான்கு. வெளியே 120 மீட்டர் தள்ளிக் கோயில் திடலில் 16 ஓம், 40 வாட் யூனிட் (ஒலி எழுப்பும் பகுதி) போட்ட குழாய் ஸ்பீக்கர் இரண்டு. எல்லாவற்றையும் இந்த ஒரே ஆம்பில் மாட்டலாமா? 500 வாட் ஆம்ப் வாங்க வேண்டுமா? "ஊட்டிக் குளிரில் ஆம்ப் சூடாகாது, இன்னும் ரெண்டு பாக்ஸ் போட்டாலும் தாங்கும்" என்று மைக் செட்காரர் சொல்வது சரியா?

ஆறையும் ஒரே ஆம்பில் ஓட்டலாம், ஆனால் 100 வோல்ட் லைனில், அதாவது அந்த 100 வோல்ட் முனையிலிருந்து இழுக்கும் ஒயரில் மட்டும். 500 வாட் தேவையில்லை. குளிரைப் பற்றிச் சொன்னதை நம்பி ஒரு பாக்ஸ்கூடக் கூடுதலாக மாட்டாதீர்கள்.

பாக்ஸின் முதுகில் எழுதியிருக்கும் 100 வாட், அது தாங்கும் அளவு. அது எவ்வளவு எடுக்கும் என்பது வேறு விஷயம். ஆம்ப் கொடுக்கும் வோல்ட்டும் பாக்ஸின் ஓமும் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். உங்கள் ஆம்ப் முழு அளவில் ஓடும்போது 4 ஓம் முனையில் 31.6 வோல்ட், 8 ஓம் முனையில் 44.7 வோல்ட், 16 ஓம் முனையில் 63.2 வோல்ட், 100 வோல்ட் முனையில் பெயருக்கேற்ப 100 வோல்ட் வரும். நான்கும் ஒரே 250 வாட்டின் நான்கு வாசல்கள். 4 ஓம் முனையில் ஒரு 250, 100 வோல்ட் முனையில் இன்னொரு 250 என்று நினைத்து இரண்டிலும் முழுச் சுமை மாட்டுவது பல கூடங்களில் நடக்கிறது. ஆம்ப் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று சொல்லும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நான்கு 8 ஓம் பாக்ஸையும் ஒன்றோடொன்று இணையாகக் கோர்த்தால், அதாவது எல்லாச் சிவப்பும் ஓரிடம், எல்லாக் கறுப்பும் ஓரிடம் என்று போட்டால், மொத்தம் 2 ஓம். அதை 4 ஓம் முனையில் மாட்டினால் முழு அளவில் 7.9 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 15.8 ஆம்பியர் கேட்கும். வாட் கணக்கில் 500. சிக்கல் என்னவென்றால், இப்படி மாட்டினாலும் சத்தம் நன்றாகவே வரும். வால்யூம் பாதிக்குக் கீழே இருக்கும் வரை எதுவும் தெரியாது. திருவிழா அன்று நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும்போது அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். உங்களுடையதைப் போல அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ள பிஏ ஆம்பில் சேதம் ஆம்போடு நின்றுவிடும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஸ்டீரியோ ஆம்பில் பாதுகாப்பு ரிலே வேலை செய்யாவிட்டால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் முழு டிசி வோல்ட்டும் பாக்ஸுக்குப் போய் வாய்ஸ் காயிலையும் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) எரித்துவிடும்.

பாக்ஸ்களை மட்டும் ஓட்டுவதென்றால் சரியான வழி இது: இரண்டிரண்டாகத் தொடராகக் கோர்த்தால் ஒவ்வொரு ஜோடியும் 16 ஓம். அந்த இரண்டு ஜோடிகளையும் இணையாகச் சேர்த்தால் 8 ஓம். அது 8 ஓம் முனைக்குப் போகட்டும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் 62.5 வாட் கிடைக்கும். நான்கும் ஒரே மாடலாக இருந்தால்தான் இந்தக் கோர்ப்பு சரிவரும். வேறு வேறு பாக்ஸைத் தொடரில் போட்டால் ஓம் கூடுதலாக உள்ளது பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பங்கு மாறும், ஏனென்றால் 8 ஓம் என்பது பெயரளவுதான். அதே ஸ்பீக்கர் அதன் ஒத்ததிர்வு இடத்தில் 30, 40 ஓம் வரைகூட ஏறும், வேறிடத்தில் ஆறரைக்கு இறங்கும்.

இதற்கு மேல் குழாய்களைச் சேர்க்க இடமில்லை, 250 வாட்டும் பாக்ஸ்களுக்கே போய்விட்டது. அதோடு தூரமும் இருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 13.3 ஓம். 120 மீட்டர் என்றால் போக வர 240 மீட்டர், 3.2 ஓம். இரண்டு 16 ஓம் குழாயையும் இணையாக்கி 8 ஓமாக நேரடியாக இழுத்தால் 8 ஓம் சுமைக்கு முன்னால் 3.2 ஓம் ஒயர் உட்கார்ந்திருக்கும். குழாய்க்குக் கிடைக்க வேண்டிய வாட்டில் பாதிதான் போய்ச் சேரும். அதே ஒயரில் 100 வோல்ட் லைனாக 40 வாட் அனுப்பினால் சுமை 250 ஓம், இழப்பு இரண்டரை சதவீதம்தான். மேடும் பள்ளமுமான ஊரில் ஒயர் சுற்றித்தான் போகும், பக்கம் போல் தெரியும் திடல்கூட 100 மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் மலையூர்களில் வெளிக் குழாய்க்கு 100 வோல்ட் லைன்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடத்துக்குள் 15 மீட்டருக்குள் முடிகிற வேலைக்கு அது அவசியமில்லை.

100 வோல்ட் லைனில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும். கடைகளில் எல்எம்டி என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் ஒரு பக்கம் 10, 20, 40 வாட் என்று தட்டுகள் (எவ்வளவு வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு முனைகள்), மறுபக்கம் 8 அல்லது 16 ஓம். இது இல்லாமல் 16 ஓம் குழாயை 100 வோல்ட் முனையில் நேராக மாட்டினால் அது கேட்பது 625 வாட். 40 வாட் யூனிட்டின் காயில் சில நொடிகள்கூடத் தாங்காது. எல்எம்டி போட்ட பிறகு ஓம் கணக்கு மறைந்து வெறும் வாட் கூட்டல் ஆகிவிடும், அதுதான் இதன் வசதி. நான்கு பாக்ஸுக்கும் 40 வாட் தட்டு, மொத்தம் 160. இரண்டு குழாய்க்கும் 20 வாட் தட்டு, மொத்தம் 40. கூட்டினால் 200. ஆம்பின் 250-இல் அது 80 சதவீதம். மீதி 20 சதவீதத்தைக் கைவைக்காமல் விடுங்கள். எல்எம்டியின் சொந்த இழப்பும் ஒயர் இழப்பும் அதில் அடங்க வேண்டும். ஓமில் சரிபார்க்க வேண்டுமென்றால் 10,000-ஐ வாட்டால் வகுக்கலாம்: 200 வாட் சுமை 50 ஓம், உங்கள் ஆம்ப் தாங்கும் குறைந்தபட்சம் 40 ஓம்.

மலிவான எல்எம்டியில் ஆழமான பாஸ் ஒலி போகாது. சிறிய இரும்புக் கோர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காந்தப்புலத்தால் நிறைந்துபோய், ஓம் சடாரென விழுந்து, ஆம்பை இழுக்கும். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள். பேச்சு, பூசை, பஜனைக்கு இது போதும். கூடத்தில் ஆட்டம் பாட்டம் நிகழ்ச்சி நடத்தும் எண்ணம் இருந்தால் பாக்ஸ்களை 8 ஓம் முனையிலேயே வைத்துவிட்டு, குழாய்களுக்கு மட்டும் தனியாக ஒரு 60 வாட் சின்ன ஆம்ப் வாங்குவது நல்லது. காசு இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் குழாய்க்கும் பாக்ஸுக்கும் போக வேண்டிய ஒலியே வேறு.

குழாயின் யூனிட்டில் உள்ள மெல்லிய தகடு, குழாய் தரும் காற்றுச் சுமையை நம்பித்தான் ஆடுகிறது. சுமார் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் அந்தச் சுமையைத் தராது. அப்போது தகடு கட்டுப்பாடில்லாமல் ஆடி விளிம்பில் கிழியும். தவில் ஒலியை அப்படியே குழாய்க்கு அனுப்பினால் 40 வாட் யூனிட் 15 வாட்டிலேயே போவது இதனால்தான். வாட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தீர்வு எளிது. இரண்டு குழாய்க்கும் போகும் 100 வோல்ட் ஒயரில், எல்எம்டிக்கு முன்னால், ஒரு 2.5 மைக்ரோஃபாரட் சீலிங் ஃபேன் கன்டென்சரைத் தொடராகப் போடுங்கள். 250 ஓம் சுமைக்கு அது சுமார் 255 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். 440 வோல்ட் ஏசி தாங்கும், எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். குழாயை நேரடியாக 16 ஓமில் ஓட்டுவதாக இருந்தால் 33 மைக்ரோஃபாரட் வேண்டும், அதுவும் துருவமில்லாத வகை. சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் போட்டால் வெடிக்கும்.

இனி 500 வாட் ஆம்ப் கேள்வி. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். பத்து மடங்கு வாட் கொடுத்தால்தான் இரண்டு மடங்கு சத்தம் போல் தோன்றும். அதனால் வாட்டைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண் முக்கியம். பாக்ஸ் சாதாரணமாக 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 92 டெசிபெல் கொடுக்கும் என்று வையுங்கள். குழாய் 105 கொடுக்கும். குழாய்க்கு 20 வாட் என்றால் 13 கூடி 118. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். 64 மீட்டரில் 36 குறைந்து 82 டெசிபெல். திடலுக்கு இது தாராளம். 13 டெசிபெல் கூடுதல் சென்சிட்டிவிட்டி 20 மடங்கு வாட்டுக்குச் சமம் என்பதை நினைத்தால், பெரிய ஆம்பில் பணம் போடத் தோன்றாது.

ஆம்புக்கும் பாக்ஸுக்கும் வாட் பொருத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது தொடர்ந்து ஓடும்போது உள்ள வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் என்று எழுதினால் அதில் பாதி, பீக் என்றால் கால்வாசி. விளம்பரத்துக்காகப் பெருக்கி எழுதும் பிஎம்பிஓ எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பாக்ஸின் ஆர்எம்எஸ் அளவுக்குச் சமமாக ஆம்ப் கொடுத்தால் யார் இயக்கினாலும் பெரும்பாலும் தப்பும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் எப்போதும் மிக்சரில் இருப்பாரென்றால் ஒன்றரை மடங்கு வரை போகலாம். திடீர் உச்சங்கள் சிதையாமல் வரும். "சின்ன ஆம்ப்தான் பெரிய பாக்ஸை எரிக்கும்" என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகும். 100 வாட் ஆம்ப் முழுச் சதுர அலையில் 200 வாட் வரை தள்ளும். கூடவே உயர் சுரங்களும் பெருகி ட்வீட்டருக்கு (உயர் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும். 100 வாட் பாக்ஸில் ட்வீட்டர் தனியாகத் தாங்குவது பெரும்பாலும் 10, 20 வாட்தான். முதலில் ட்வீட்டர் மட்டும் போயிருந்தால் இதுதான் காரணம். வூஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) காயில் கருகி மணம் வந்தால் நீண்ட நேரம் அதிக வாட் போயிருக்கிறது. காயில் நன்றாக இருந்து கோன் மட்டும் கிழிந்திருந்தால் பாஸ் அதிகம்.

அசெம்பிள் செய்த ஆம்பில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டுத் திறக்க வேண்டும். 12-0-12 (நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட்), 5 ஆம்பியர் என்றிருந்தால் அது 120 வோல்ட்-ஆம்பியர்தான். அதிலிருந்து கிடைக்கும் டிசி இரு பக்கமும் சுமார் 16 வோல்ட், அவுட்புட் அலை 14 வோல்ட் வரை ஏறும். 8 ஓமில் 12 வாட், 4 ஓமில் 24 வாட். முகப்பில் 1000 வாட் என்று எழுதியிருந்தாலும் கணக்கு மாறாது. 24-0-24 என்றால் 8 ஓமில் 50 வாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இங்கே இன்னொன்றும் உண்டு. லைன் கடைசியில் இருக்கும் ஊர்களிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கலாம். சாதாரண டிரான்ஸ்பார்மர் சப்ளை உள்ள ஆம்பின் வாட், வோல்ட்டின் இருபடிக்கேற்பக் குறையும்: 230-க்குப் பதில் 180 என்றால் 61 சதவீதம். உங்கள் 250 வாட் 150 ஆகிவிடும். பகலில் சுத்தமாகக் கேட்ட அதே வால்யூம் இரவில் கரகரக்கும், இயக்குபவர் இன்னும் முறுக்குவார், ட்வீட்டர் போகும். ஆம்புக்கு ஒரு ஸ்டெபிலைசர் போடுவது 500 வாட் ஆம்பைவிட மலிவு, பலனும் அதிகம்.

குளிர் விஷயம். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் நிறை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அந்தக் காற்று சமவெளியைவிட 15, 20 டிகிரி குளிராக இருப்பதால் ஹீட் சிங்க் மொத்தத்தில் நஷ்டப்படாது. அந்த அளவுக்கு மைக் செட்காரர் சொன்னது உண்மை. ஆனால் ஓம் குறைவால் டிரான்சிஸ்டர் போவது ஒரு கணத்தில் பாயும் மின்னோட்டத்தால். ஹீட் சிங்க்குக்குச் சூடு தெரிவதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கும். பாக்ஸின் காயிலுக்கும் குளிர் பெரிதாக உதவாது: உள்ளே 200 டிகிரியில் இருக்கும் காயிலுக்கு வெளியே 35-க்குப் பதில் 15 என்பது சிறு வித்தியாசம். அதோடு, அடர்த்தி குறைந்த காற்றில் கோன் ஸ்பீக்கர் அதே வாட்டுக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் குறைவாகவே ஒலிக்கும். கோயம்புத்தூரில் கேட்டுப் பார்த்து வாங்கிய பாக்ஸ் ஊட்டியில் கொஞ்சம் மெலிந்து கேட்டால் அதில் பழுது தேட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் ஸ்விட்சிங் முறையில் இயங்கும்) சப்ளை உள்ள ஆம்ப் வாங்கும்போது பின்பக்கம் மலை உருவமும் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய காற்று மின்பொறியை எளிதில் தாவவிடும். அந்தக் குறி உள்ள கருவியின் உட்புற இடைவெளிகள் 2000 மீட்டருக்குக் கீழே பயன்படுத்தவே அளந்து வைக்கப்பட்டவை. குன்னூரில் பரவாயில்லை, ஊட்டிக்கு வேறு மாடல் பார்க்கலாம். மலையில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. மூடுபனியில் வண்டியில் வந்த ஆம்பைச் சூடான கூடத்துக்குள் கொண்டுபோனதும் உள்ளே நீர் பூக்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள். செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள். குழாயின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் தேங்கக் கூடாது. 100 வோல்ட் லைன் ஷாக் அடிக்கும். மூட்டுகளை வெறும் டேப்போடு விடாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். மைக் ஒயரோடு அதை ஒரே பைப்பில் இழுத்தால் விசில் வரும்.

மாட்டி முடித்ததும் ஆம்பைத் தொடும் முன் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் காட்டுவது டிசி மின்தடை, அது பெயரளவு ஓமைவிடக் குறைவாகவே இருக்கும்: 8 ஓம் பாக்ஸ் 5.5 முதல் 7 வரை, 16 ஓம் யூனிட் 11 முதல் 14 வரை. உங்கள் பாக்ஸ் தனியாக 6 காட்டினால், மேலே சொன்ன கோர்ப்பில் நான்கும் சேர்ந்தும் 6 காட்ட வேண்டும். 12 வந்தால் ஒரு ஜோடி அறுந்திருக்கிறது. 4 வந்தால் ஒரு பாக்ஸ் ஷார்ட். போலாரிட்டிக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும்: பாசிட்டிவைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு பாக்ஸ் மட்டும் உள்ளே போனால் அதன் ஒயரை மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பாஸ் காணாமல் போகும்.

100 வோல்ட் லைனை இப்படி அளக்க முடியாது, மீட்டர் எல்எம்டியின் சுருளை மட்டும் அளந்து பொய் எண் காட்டும். அதற்கு 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை லைனோடு தொடரில் வைத்து, கைபேசியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, முனையில் 10 வோல்ட் அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். மலிவு மீட்டர்களின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறும் என்பதால்தான் இந்த எண். லைனின் வோல்ட்டை ரெசிஸ்டரின் வோல்ட்டால் வகுத்து 47-ஆல் பெருக்கினால் லைனின் ஓம். 200 வாட் சுமைக்கு 50-ஐ ஒட்டி வரும், கன்டென்சர் இருப்பதால் ஓரிரு ஓம் கூடலாம். 40-க்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு எல்எம்டியின் தட்டு தவறாக மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால் எது என்று பிடிபடும்.

வெளிக் குழாயின் அளவை மதியம் வைத்துவிட்டு அப்படியே விடாதீர்கள். தெளிந்த, காற்றில்லாத இரவில் பள்ளத்தாக்கின் தரையோரக் காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்துவிடும். ஒலி கீழ்நோக்கி வளைந்து எதிர் மேட்டு ஊர் வரை தெளிவாகப் போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குழாய்க்குத் தனிச் சுவிட்ச் ஒன்று வைத்துவிட்டால் 10 மணிக்கு அதை மட்டும் அணைத்துவிட்டுக் கூடத்துக்குள் தொடரலாம். 100 வோல்ட் லைனில் ஒரு பகுதியைக் கழற்றினால் மற்ற பாக்ஸ்களின் சத்தம் மாறாது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். மறுபடியும் போனால் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு வெறும் ஆம்பை ஆன் செய்யுங்கள். அப்போதும் போனால் பழுது ஆம்பில், போகாமல் இருந்தால் பழுது லைனில்.